உடம்பில் ஷெல் துண்டு இருக்கும்போது முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

வலிகாமத்திலிருந்து 25 வயதுத் தம்பி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் கழகத்துக்கு உதைபந்தாட்டம் விளையாடுவார். ஆறு கிழமைக்கு முன் ஓர் ஆட்டத்தில், எவரும் வந்து இடிக்காமலே, ஓடிவந்த வேகத்தில் திரும்பியபோது வலது முழங்காலுக்குள் "டக்" என்று ஒரு சத்தம். இரண்டு மணித்தியாலத்துக்குள் முழங்கால் வீங்கிப் பருத்துவிட்டது. அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரே எடுத்து, முறிவு இல்லை என்று சொல்லி, பான்டேஜும் குளிசையும் கொடுத்து, கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். அடுத்த நாள் அம்மா முறிவு நெரிவு பார்க்கிற வைத்தியரிடம் கூட்டிப்போனார். எண்ணெய் போட்டுக் கட்டினார்கள். வீக்கம் வற்றிவிட்டது, இப்போது நடக்கிறார். ஆனால் படி இறங்கும்போதும், மோட்டார் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றும்போதும் முழங்கால் "விட்டுப்போகிறது" என்கிறார்.

கிளினிக்கில் டொக்டர் காலை மடக்கி இழுத்துப் பார்த்து, லிகமென்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் இணைக்கிற நார், அறுந்திருக்கும் போலிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு எழுதினார். திகதி இரண்டரை மாதம் கழித்துத்தான். கனடாவில் இருக்கிற சித்தப்பா, "இவ்வளவு நாள் காத்திருந்தால் கால் போய்விடும்" என்று காசு அனுப்பியிருக்கிறார். வருகிற கிழமை தனியார் நிலையம் ஒன்றில் பதிவு செய்தாகிவிட்டது.

கடிதத்தின் கடைசி வரிகளை அப்படியே தருகிறேன்: "2009 இல் வன்னியில் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது எனக்கு ஷெல் பட்டது. வலது தொடையின் நடுவில் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது, தடவினால் தெரியும். புருவத்துக்கு மேலும் ஒரு சின்னத் தழும்பு உண்டு, அதற்குள் ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஸ்கேன் படிவத்தில் உடம்பில் உலோகம் உண்டா என்று கேட்ட இடத்தில் இல்லை என்று போட்டுவிட்டேன். சொன்னால் எடுக்கமாட்டார்கள் என்று கூட வேலை செய்கிற அண்ணா சொன்னார். இதனால் பிரச்சினை வருமா டொக்டர்? அறுந்தது என்று ரிப்போர்ட் வந்தால் ஒப்பரேஷன்தானா? கதிர்வீச்சு என்று அம்மா பயப்படுகிறா."

தம்பி, நீங்கள் கடைசியில் எழுதியதற்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

"இல்லை" என்று போட்டதை இன்றைக்கே மாற்றுங்கள்

அந்த நிலையத்துக்கு இன்றே தொலைபேசி எடுத்து, "படிவத்தில் தவறாகப் போட்டுவிட்டேன், என் உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறது" என்று சொல்லுங்கள். திகதி தள்ளிப்போனால் போகட்டும். உங்கள் முழங்கால் இன்னும் சில நாள் பொறுக்கும்.

எம்.ஆர்.ஐ. என்பது மிகப் பெரிய காந்தம். வழக்கமாகப் பாவிக்கிற இயந்திரத்தின் வலு 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப் புலத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கும், அறை வாசலைத் தாண்டும்போதே இழுக்கத் தொடங்கிவிடும். ஷெல்லின் கோது உருக்கினால் ஆனது. உருக்கைக் காந்தம் இழுக்கும். படம் எடுக்கும்போது உலோகம் சூடேறவும் கூடும்.

நீங்கள் கவலைப்படுவது தொடையில் இருக்கிற துண்டைப் பற்றி. எனக்குக் கவலை புருவத்துத் தழும்பைப் பற்றி. தொடைத் தசைக்குள் பல வருடம் கிடந்த துண்டைச் சுற்றி உடம்பு தழும்புத் திசுவைக் கட்டிவிடும். அதனால் அது பெரும்பாலும் இடம் பெயராது. பெரிய இரத்தக் குழாயை ஒட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கண்ணுக்குள் அப்படி இறுகப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. கண்ணுக்குள்ளோ கண்குழிக்குள்ளோ கடுகளவு இரும்புத் துகள் இருந்தாலும், வருடக்கணக்கில் ஒரு தொந்தரவும் தராமல் இருந்துவிட்டு, காந்தத்துக்குள் போனதும் அசைந்து பார்வையைக் கெடுக்கலாம். கண்ணுக்குள் உலோகத் துகள் இருப்பது தெரியாமல் எம்.ஆர்.ஐ. எடுத்த தகட்டு வேலைக்காரர் ஒருவர் ஒரு கண்ணில் பார்வை இழந்த சம்பவம் 1986 இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்கிறவர்களிடம் கண்ணைப் பற்றித் தனியாகக் கேட்பதும் இதனால்தான். உங்கள் தழும்புக்குள் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். "என்றுதான் நினைக்கிறேன்" என்பதை வைத்துக்கொண்டு மட்டும் அந்த அறைக்குள் போகக் கூடாது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. கண்குழிக்கு ஓர் எக்ஸ்ரே, தொடைக்கு முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு எக்ஸ்ரே. சந்தேகம் வந்தால் சி.ரி. ஸ்கேன். அந்தப் படங்களைப் பார்த்து எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கதிரியல் மருத்துவர் முடிவு சொல்வார். உங்கள் அண்ணா சொன்னது போல, சொன்னவுடன் திருப்பி அனுப்பிவிட மாட்டார்கள். கை காலில் துண்டு இருக்கிற பலருக்கு, இடத்தைச் சரிபார்த்த பிறகு ஸ்கேன் எடுக்கத்தான் செய்கிறார்கள். படம் எடுக்கும்போது அந்த இடம் இழுத்தாலோ சுட்டாலோ உடனே கையில் தருகிற மணியை அமத்துங்கள், நிறுத்துவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தழும்பை மறைத்து வளர்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று கேள்வி வரும் என்ற பயம் இன்னும் பலரை விட்டுப் போகவில்லை. என்னிடம் வருகிறவர்களில் சிலர், சேட்டைக் கழற்றச் சொல்லும் வரைக்கும் சொல்வதில்லை. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படிவம் கேட்பது காயத்தின் கதையை இல்லை. உலோகம் இருக்கிறதா, எங்கே இருக்கிறது, இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும். வரிசையில் மற்றவர்கள் கேட்கச் சொல்ல விருப்பமில்லை என்றால், "தனியாகக் கதைக்க வேண்டும்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. நோயாளி சொல்வதை வெளியில் சொல்லாமல் வைத்திருப்பது அவர்களின் கடமை.

அன்றைக்குக் கழுத்துச் சங்கிலி, மோதிரம், தாயத்து, அரைஞாணில் ஏதும் கோர்த்திருந்தால் அது, போன், வங்கி அட்டை எல்லாவற்றையும் வெளியில் வைத்துவிட்டுப் போங்கள்.

எக்ஸ்ரே சரியென்றால் பிறகு ஏன் ஸ்கேன்?

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், லிகமென்டைக் காட்டாது. அதனால் "முறிவு இல்லை" என்பதை "காயம் இல்லை" என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த எக்ஸ்ரே வீண் இல்லை. கீழ்க்கால் எலும்பின் வெளி விளிம்பில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று அதில் தேடுவோம். 1879 இல் போல் செகோண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த முறிவு அது. அந்தச் சில்லு தெரிந்தால் உள்ளே லிகமென்டும் அறுந்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். உங்கள் படத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றி அம்மாவிடம் ஆறுதலாகச் சொல்லுங்கள்: இதில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது. காந்தத்தையும் வானொலி அலையையும் வைத்து, உடம்பில் இருக்கிற நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசனிலிருந்து வருகிற சமிக்ஞையைப் படமாக்குகிறது. அரை மணித்தியாலம் அளவில் காலை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். தட்டுகிற சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். முழங்காலுக்கு என்பதால் தலை பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும். ஊசி மருந்து வழக்கமாகத் தேவைப்படாது.

முழங்காலின் நடுவில் சரிவாக ஓடுகிற கயிறு போன்ற ஒரு லிகமென்ட் உண்டு. முன் சிலுவை லிகமென்ட், சுருக்கமாக ஏ.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்னுக்கு வழுக்காமலும், திரும்பும்போது முறுகிப்போகாமலும் பிடிப்பது அதுதான். ஸ்கேனில் அது சாதாரணமாகக் கறுப்புப் பட்டி போலத் தெரியும். அறுந்திருந்தால் அந்தப் பட்டி தொடர்பு விட்டு, வீங்கி, நெளிந்து தெரியும். திரும்பிய வேகத்தில் மேலெலும்பும் கீழெலும்பும் மோதிக் கன்றிய இடங்களும் தெரியும். அவற்றை எக்ஸ்ரே காட்டாது.

கிளினிக் டொக்டர் காலை இழுத்துப் பார்த்ததை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் நோயைக் கண்டுபிடித்ததே அந்த இழுப்புத்தான். முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்து, கீழ்க்காலை மற்றக் கையால் முன்னுக்கு இழுப்பது லாக்மன் சோதனை. அமெரிக்காவில் ஜோன் லாக்மன் என்ற எலும்பியல் மருத்துவர் கற்பித்த முறை, 1976 இல் எழுத்தில் வந்தது. நல்ல லிகமென்ட் "டொக்" என்று பிடித்து நிறுத்தும். அறுந்தது நிறுத்தாது, கை அதை உணரும். காயம்பட்ட அன்றிரவு இதைச் செய்தால் சரியாகத் தெரியாது, ஏனென்றால் நோவில் தசைகள் இறுகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். எனவே அன்று பார்த்தவர்கள் கவனிக்கவில்லை என்று மனத்தில் வைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

திரும்பும்போது சத்தம், இரண்டு மணித்தியாலத்துக்குள் வீக்கம், பிறகு கால் விட்டுப்போவது. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஏ.சி.எல். அறுந்திருக்கும் என்றுதான் எந்த எலும்பு மருத்துவரும் முதலில் நினைப்பார். இவ்வளவு விரைவாக வீங்குவது மூட்டுக்குள் இரத்தம் கசிந்ததால். சாதாரண சுளுக்கு வீக்கம் அடுத்த நாள்தான் மெல்ல வரும்.

பிறகு ஸ்கேன் எதற்கு? முழுதாக அறுந்த ஏ.சி.எல்.லை எம்.ஆர்.ஐ. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகக் காட்டும். ஆனால் உங்கள் விடயத்தில் அதன் பெரிய உதவி வேறு. இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை போல இருக்கிற மெனிஸ்கஸ் கிழிந்திருக்கிறதா, குருத்தெலும்பு அடிபட்டிருக்கிறதா, பக்கத்து லிகமென்ட்களும் போயிருக்கின்றனவா என்று கையால் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஒப்பரேஷன் வேண்டுமா, எப்போது, என்ன செய்வது என்பதை அவைதான் தீர்மானிக்கும். பாதி அறுந்ததைப் படிப்பதில் எம்.ஆர்.ஐ. தடுமாறும். வெளிப்பக்க மெனிஸ்கஸ் கிழிவைச் சிலவேளை தவறவிடும். அதனால்தான் கையின் சாட்சியும் படத்தின் சாட்சியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

காத்திருந்தால் கால் போய்விடுமா?

போகாது. கனடாவிலும் அரச மருத்துவத்தில் அவசரமில்லாத எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்கத்தான் வேண்டும். சித்தப்பாவின் அக்கறை பெரியது, அந்தப் பயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உண்மையில் அவசரமானவை சில உண்டு. முழங்கால் ஒரு நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட ஏலாமல் நின்றுவிடுவது, பாதம் குளிர்ந்து விறைப்பது, கால் எல்லாப் பக்கமும் ஆடுவது, காய்ச்சலோடு மூட்டுச் சிவந்து கொதிப்பது. இவற்றில் ஒன்று வந்தால் திகதியைப் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் கடிதத்தில் இவை இல்லை.

உங்களுக்கு ஆபத்து, ஸ்கேனுக்குக் காத்திருக்கிற நாட்களில் கால் திரும்பத் திரும்ப விட்டுப்போவதுதான். ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸ் நசிபடுகிறது. இன்று கிழியாதது அடுத்த முறை கிழியலாம். ஆகவே மைதானப் பக்கம் போக வேண்டாம், "கோல் காப்பில் மட்டும் நிற்கிறேன்" என்றும் வேண்டாம். ஈரத் தரையில், பாரம் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் திரும்பாதீர்கள். குந்தி இருந்து டைல்ஸ் பதிப்பதைக் கொஞ்ச நாளைக்குக் குறைத்து, வெட்டுவது அளப்பது போன்ற நின்று செய்கிற வேலையைக் கேட்டு வாங்குங்கள். நாட்கூலிக்காரருக்கு இது லேசில்லை என்று தெரியும், ஆனாலும் மேசனிடம் கேட்டுப் பாருங்கள்.

பிசியோதெரபிக்கு ஸ்கேன் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கிளினிக்கில் கேட்டு இந்தக் கிழமையே தொடங்குங்கள். முழங்காலை முழுதாக நீட்ட வருவது, முன்தொடைத் தசை மெலியாமல் பார்ப்பது, சமநிலைப் பயிற்சி, இந்த மூன்றும் ஒப்பரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் வேண்டும்.

தனியாரில் எடுப்பதா, அரச திகதிக்கு நிற்பதா? பல பத்தாயிரம் ரூபாய் போகிற விடயம். சித்தப்பா மனமுவந்து தருகிறார் என்றால், உலோகச் சோதனை முடிந்த பிறகு எடுக்கலாம், பிழையில்லை. கடன்பட்டு எடுக்க வேண்டாம். எங்கே எடுத்தாலும் ரிப்போர்ட் தாளோடு படங்களை சி.டி.யிலோ வேறு வழியிலோ கேட்டு வாங்குங்கள். அவற்றோடு உங்களைத் தொட்டுப் பார்த்த அதே கிளினிக் டொக்டரிடம் போங்கள். எடுத்துவிட்டால் அரச திகதியை விட்டுக்கொடுத்துவிடுங்கள், அந்த இடம் இன்னொருவருக்குக் கிடைக்கும். எடுக்கவில்லை என்றால், ஷெல் துண்டு விடயத்தை அங்கேயும் சொல்லுங்கள்.

அம்மா கூட்டிப்போன வைத்தியத்தைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். கட்டும் ஓய்வும் நன்மைதான் செய்தன. ஆனால் எண்ணெய் மூட்டின் நடுவில் இருக்கிற லிகமென்டைப் போய்ச் சேராது. இனி பலமாக உருவுவதும் இழுப்பதும் வேண்டாம். அம்மாவோடு இதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள்.

"அறுந்தது" என்று வந்தால் ஒப்பரேஷனா?

ரிப்போர்ட்டைப் படித்துப் பயப்படாமல் இருக்கச் சில சொற்களைச் சொல்லிவைக்கிறேன். "எஃபியூஷன்" என்றால் மூட்டுக்குள் நீர். "போன் கன்டியூஷன்" என்றால் எலும்புக் கன்றல், மாதங்களில் தானே ஆறும். மெனிஸ்கஸில் "கிரேட் 1" அல்லது "கிரேட் 2 சிக்னல்" என்றிருந்தால் அது கிழிவு இல்லை. மேற்பரப்பு வரை போகிற "கிரேட் 3"ஐத்தான் கிழிவு என்போம். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரருக்கு அனுப்பி முடிவு கேட்டால், ஆளுக்கொரு முடிவு வந்து உங்கள் நித்திரைதான் போகும்.

ஏ.சி.எல். அறுந்தவர்கள் எல்லோருக்கும் ஒப்பரேஷன் தேவை என்பது தவறு. ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வு 2010 இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு உடனே ஒப்பரேஷனும் பயிற்சியும், மற்ற 59 பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஒப்பரேஷன். இரண்டு வருடத்தில் அந்த 59 பேரில் 23 பேர் ஒப்பரேஷன் செய்துகொண்டார்கள், ஐந்து வருடத்தில் 30 பேர். மற்றவர்கள் அது இல்லாமலே சமாளித்தார்கள். முழங்காலின் நிலையில் இரு பகுதியினருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. தொழில்முறை வீரர்கள் அதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் முடிவு மூன்று விடயத்தைப் பொறுத்தது. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்த பிறகும் கால் விட்டுப்போகிறதா? தைக்கக்கூடிய மெனிஸ்கஸ் கிழிவு இருக்கிறதா? உதைபந்தாட்டம் உங்களுக்கு அவ்வளவு முக்கியமா? மூன்றுக்கும் இல்லை என்றால் நான் பயிற்சியோடு நிற்கச் சொல்வேன். கிழிவு இருந்தால், அல்லது படி இறங்கவே கால் நம்பிக்கை தராவிட்டால், ஒப்பரேஷன் பக்கம் சாய்வேன். உங்கள் வேலை குந்தி எழும்புகிற வேலை. நம்பமுடியாத முழங்காலோடு இன்னும் முப்பது வருடம் அதைச் செய்வது கடினம்.

ஒப்பரேஷன் என்றால் உங்கள் உடம்பிலிருந்தே ஒரு தசைநாரை எடுத்துப் புது லிகமென்டாகப் பொருத்துவார்கள். பாரமான வேலைக்குத் திரும்பச் சில மாதம் ஆகும். மைதானத்துக்கு 9 மாதத்துக்கு முன் திரும்பினால் மறுபடி அறும் ஆபத்து கூடுதல். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்றாலும், வெளியில் ஏதும் வாங்க வேண்டிவருமா, எத்தனை நாள் வேலைக்குப் போக ஏலாது என்று முன்கூட்டியே கேளுங்கள். விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள். விளங்கிய பிறகு மட்டும் சம்மதக் கையெழுத்தை வையுங்கள்.

ஸ்கேன் எடுக்கவே ஏலாது என்று சொன்னால்

கண் பக்கத்தில் துண்டு இருந்தால் அப்படிச் சொல்லக்கூடும். அதற்காக மனமுடைய வேண்டாம். அப்போது கண் மருத்துவரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குள் இரும்பு கிடப்பது காலப்போக்கில் கண்ணுக்குக் கெடுதல். முழங்காலைப் பொறுத்தவரை வேறு வழிகள் இருக்கின்றன. மூட்டுக்குள் சாயம் செலுத்தி எடுக்கிற சி.ரி. ஸ்கேன் மெனிஸ்கஸையும் லிகமென்டையும் ஓரளவு காட்டும். அல்ட்ராசவுண்ட் பக்கத்து லிகமென்ட்களுக்கு உதவும், நடுவில் இருக்கிற ஏ.சி.எல்.லுக்குப் போதாது. தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்துக் காலைச் சோதித்து, சின்னக் கமெராவை உள்ளே விட்டு நேரே பார்க்கலாம். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் மருத்துவர்கள் முழங்காலைப் பார்த்தது கையாலும் இந்த வழிகளாலும்தான்.

தொடையில் இருக்கிற துண்டு படத்தைக் கெடுக்குமா என்றும் யோசிப்பீர்கள். உலோகத்தைச் சுற்றிப் படத்தில் கறுப்புக் குழி விழும். ஆனால் துண்டு தொடை நடுவில், முழங்காலிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருந்தால் முழங்கால் படம் பெரும்பாலும் தெளிவாகவே வரும். தொடை எக்ஸ்ரேயில் அந்தத் தூரத்தையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

முதலில் அந்தத் தொலைபேசி அழைப்பு, பிறகு எக்ஸ்ரே. முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். முழங்காலைப் பற்றிக் கேட்கும் முன் புருவத்துப் படத்தில் என்ன இருந்தது என்றுதான் கேட்பேன்.